கடைசிக் கட்டம்

எவர்சில்வர் சம்படத்துக்குள் 14 துண்டுச் சீட்டுகள். குழுவுக்கு ஒரு பிள்ளை வந்து, கையை விட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த எண்தான் அன்று முழுவதும் அந்தக் குழுவுக்குப் பெயர். மேடையில் பள்ளியின் பெயரைச் சொல்லக் கூடாது. பெயர் எழுதிய பதாகை கூடாது. உடையில் பள்ளி முத்திரை தெரியக் கூடாது. ஆடுகிற பிள்ளை எந்த ஊர், எந்தப் பள்ளி என்பது நடுவருக்குத் தெரியாமல் இருக்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஒன்றாம் எண்ணை எடுத்த பையனின் முகம் சுண்டிப் போயிற்று. முதலில் ஆடுகிற குழுவுக்கு நடுவர்கள் கையை இறுக்கிக்கொள்வார்கள் என்று பிள்ளைகளுக்குள் ஒரு நம்பிக்கை உண்டு. பதினொன்றை எடுத்த பெண் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சைத் தாவணி, காதில் வாடகை ஜிமிக்கி, ஒன்பதாம் வகுப்பு இருக்கலாம். தன் குழுவிடம் ஓடிப்போய் இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலை நிமிர்த்திக் காட்டினாள். எட்டுப் பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளியின் கலையரங்கம். பள்ளிகளுக்கு இடையிலான நாட்டுப்புறக் குழு நடனப் போட்டி. என் தங்கையின் பேத்தி இரண்டாம் குழுவில் ஒயிலாட்டம் ஆடுகிறாள்; அவளுக்குத் துணையாக வந்தவன் நான். கூட்டத்தில் புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைத் தேடிப் போய்க் கடைசி வரிசை மூலையில் உட்கார்ந்தேன். அங்கே ஒரு தட்டி மறைப்பு. அதற்குப் பின்னால்தான் மதிப்பெண் கூட்டும் மேசை போட்டிருந்தார்கள் என்பது உட்கார்ந்த பிறகே தெரிந்தது. போட்டி தொடங்கியதிலிருந்து மாலை ஐந்தரை வரை, சாப்பாட்டு நேரம் தவிர, அந்த இடத்தை விட்டு அசையவில்லை. யாரிடமும் பேசவும் இல்லை.

ஒப்பனை அறை என்பது ஒரு வகுப்பறை. பெஞ்சுகளை ஓரம் தள்ளியிருந்தார்கள். கரும்பலகையில் முந்தைய நாளின் முக்கோணம் ஒன்று அழிபடாமல் இருந்தது. அதன் அடியில் சவுரி முடி, சலங்கை, கனகாம்பரம், கண்மை டப்பி, ஊக்கு அட்டை, யாரோ ஒரு தாய் கொண்டுவந்த இட்லித் தூக்கு. வாடகை உடைகளின் காலரில் கடைக்காரர் தைத்த துணி எண்கள். ஒரு டீச்சர் பற்களுக்கிடையே நான்கு ஊக்குகளைக் கவ்விக்கொண்டே ஐந்தாவதைக் குத்திக்கொண்டிருந்தார். ஊக்குக் குத்தாத இடம் மேடையில் கழன்றுவிடும். கழன்றால் பிள்ளையின் கை தன்னையறியாமல் அங்கே போகும். கை போனால் வரிசை கெடும். உடை ஒப்பனைக்குக் கொடுக்கிற மதிப்பெண்ணில் பாதி இந்த ஊக்கு அட்டையில் இருக்கிறது.

ஒலிபெருக்கிக்காரப் பையனின் முன்னால் 14 பென் டிரைவுகள், பிளாஸ்திரி ஒட்டி எண் போட்டு வரிசையாக. பச்சைத் தாவணிக் குழுவின் ஆசிரியர் தம்முடையதை அவனிடம் நீட்டும்போது சொன்னது என் காதில் விழுந்தது.

"தம்பி, கும்மிப் பாட்டுங்க. ஏழு நிமிசம் வந்துது. கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் வேகமாக்கி அஞ்சுக்குள்ள கொண்டாந்திருக்கறோம். நடுவுல நிக்காமப் பாத்துக்குங்க."

"நிக்காதுங்க சார்," என்றான் அவன்.

விதி அதுதான். ஐந்து நிமிடம். நான்காவது நிமிடத்தில் ஒரு மணி, ஐந்தாவதில் இரண்டு மணி. தாண்டினால் மொத்தத்தில் ஐந்து மதிப்பெண் கழிவு. உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் கையில் நிறுத்தற்கடிகாரத்தோடு மேடையை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. குழுவுக்கு ஐந்து நிமிடம், ஏறி இறங்க ஐந்து நிமிடம் என்று வைத்தாலே 14 குழுக்களுக்கு இரண்டு மணி இருபது நிமிடம். சாப்பாடு, விளக்கேற்றுதல், சிறப்பு விருந்தினர், பரிசளிப்பு எல்லாம் முடிந்து கடைசி டவுன் பஸ்ஸுக்குள் பிள்ளைகள் ஊர் போய்ச் சேர வேண்டும்.

நடுவர்கள் மூவர். இசைப்பள்ளி ஒன்றில் பரதம் கற்றுத் தரும் அம்மையார். கல்லூரியில் நாட்டார் கலை பற்றிப் பாடம் நடத்தும் பேராசிரியர். மூன்றாமவர் கும்மி வாத்தியார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, எழுபது வயதிருக்கும். மூவருக்கும் மூன்று தனி மேசை, இரண்டிரண்டு முழ இடைவெளியில். ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு குழு முடிந்ததும் ஒரு மாணவி வந்து மூன்று தாளையும் வாங்கிக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கூட்டல் மேசைக்கு ஓடி வருவாள்.

தாளில் ஐந்து தலைப்பு. தாளக்கட்டு, அடி நேர்த்தி, குழு ஒருமை, உடை ஒப்பனை, மரபு. தலைப்புக்குப் பத்து வீதம் ஒருவர் 50, மூவரும் சேர்ந்து 150. அதற்கும் வலப்புறம், ஓரத்தில், 'குறிப்பு' என்று ஒரு கட்டம்.

ஒன்றாம் குழு தேவராட்டம். இராஜகம்பளத்து மக்களின் ஆட்டம் அது. மரபில் அதற்குப் பாட்டுக் கிடையாது, தேவதுந்துபி என்னும் உறுமியின் முழக்கமே பாட்டும் தாளமும். பிள்ளைகள் சினிமாப் பாட்டொன்றை முன்னும் பின்னும் வைத்து, நடுவில் மட்டும் உறுமிச் சத்தத்துக்கு ஆடினார்கள். கூட்டம் விசிலடித்தது சினிமாப் பாட்டுக்கு. பையன்களின் கால் உண்மையில் பேசியது உறுமிக்கு. பேராசிரியர் 'மரபு' என்ற தலைப்பின்மேல் பேனாவை வைத்தவர் வெகு நேரம் எடுக்கவில்லை. இந்த ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த மனிதருக்கு, உறுமிக்காரரை அழைத்துவர எத்தனை ரூபாய் ஆகும் என்று தெரியும். அது நடுவரின் தாளில் எந்தத் தலைப்புக்குள்ளும் வராது.

அந்த முதல் குழுவுக்கு அம்மையார் மதிப்பெண்ணைப் பென்சிலால்தான் போட்டார். மூன்று குழு ஆடிய பிறகு அந்தத் தாளைத் திரும்பக் கேட்டு வாங்கி, ஒரு எண்ணை அழித்து மாற்றிப் பேனாவால் எழுதிக் கொடுத்தார். ஒன்றாம் எண் எடுத்த பையனுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் காலையில் அவன் முகம் அப்படிச் சுண்டியிருக்காது.

கும்மி வாத்தியார் ஆடும்போது எழுதவே மாட்டார். முழங்காலில் விரல் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். ஆட்டம் முடிந்ததும் எண்களை விறுவிறுவென்று போட்டுவிட்டு, கடைசிக் கட்டத்துக்கு வந்து நிற்பார். அங்கேதான் அவருக்கு நேரம் பிடிக்கும். எழுத்துக் கூட்டி, கோடு பிசகாமல், இரண்டு வரி, மூன்று வரி. தாள் வாங்க வந்த மாணவி நின்று கொண்டே இருப்பாள். மற்ற இருவரின் தாளிலும் அந்தக் கட்டம் வெறுமையாகவே கூட்டல் மேசைக்கு வந்தது.

மதியம் தக்காளிச் சோறும் தயிர்ச் சோறும். வேப்பமரத்தடியில் பெற்றோர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பேச்செல்லாம் போட்டிதான். 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளுக்காகக் கலைத் திருவிழா தொடங்கிய பிறகு இந்தப் பேச்சு கிராமத்துத் திண்ணை வரைக்கும் வந்துவிட்டது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏணிப்படி போல அது போகிறது; உச்சியில் கலையரசன், கலையரசி என்று பட்டம். "எம்புள்ள வட்டாரத்துல நின்னுபோச்சுங்க" என்றார் ஒருவர். "எதுல கொறைஞ்சுதுன்னு கேட்டீங்களா?" என்றார் பக்கத்திலிருந்தவர். "ஆருகிட்டப் போயிக் கேக்கறதுங்க?"

பாலக்காட்டிலிருந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு தாய் தன் ஊர்க் கதையைச் சொன்னாள். அங்கே பள்ளிக் கலோத்சவம் என்றால் ஊரே திரண்டு வரும். 1957-இல் தொடங்கியது. மாநிலத்தில் முதலாவதாக வரும் மாவட்டத்துக்கு நூற்றுப் பதினேழரைப் பவுனில் தங்கக் கோப்பை. "போன 2025 ஜனவரில எங்க பாலக்காடு ஆயிரத்து ஏழு பாயிண்ட்டு. திருச்சூரு ஆயிரத்து எட்டு. ஒரே ஒரு பாயிண்ட்டுங்க!" என்று விரலை உயர்த்திக் காட்டினாள். திருவனந்தபுரத்தில் நடந்த விழா அது. 26 ஆண்டு கழித்துத் திருச்சூர் கோப்பையை எடுத்துப் போயிற்று.

கேரளத்துக்காரர்கள் ஒன்று செய்தார்கள். தனித்து மின்னும் பிள்ளைக்குக் கலாதிலகம், கலாபிரதிபா என்று பட்டம் கொடுக்கும் வழக்கம் அங்கே நெடுநாள் இருந்தது. பட்டத்துக்காகப் பெற்றோர்களுக்குள் போட்டியும் பகையும் மூண்டதைப் பார்த்து அதைக் கைவிட்டார்கள். தரம் வைத்துப் புள்ளி கொடுப்பதே இப்போது முறை. அதே 2025 விழாவில் பழங்குடி மக்களின் ஆட்டங்களையும் முதன்முறையாகப் போட்டிக்குள் கொண்டு வந்தார்கள். இருளர் ஆட்டம், பளியர் ஆட்டம், மலைப்புலையர் ஆட்டம் எல்லாம் அதில் உண்டு. எங்கள் ஆனைமலையின் மடியிலும் மலைப்புலையர் குடிகள் இருக்கின்றன. பிறப்புக்கும் இறப்புக்கும் தம் மக்களுக்கு நடுவே ஆடிய ஆட்டம், மேடையேறி, நிமிடக் கணக்குக்குள் நின்று, எண்ணாக மாறி வெளியே வருகிறது. அந்த எண்ணைப் போடுகிற கை எத்தனை பொறுப்போடு போட வேண்டும் என்று எண்ணியபடியே கை கழுவிவிட்டு என் மூலைக்குத் திரும்பினேன்.

பிற்பகல் மூன்று மணி. "அடுத்து, எண் பதினொன்று."

பச்சைத் தாவணிகள் மேடையேறின. ஒன்பது பேர், அரை வட்டம். வள்ளி கும்மி. கொங்கு நாட்டில் ஒரு காலத்தில் ஆண்களே ஆடி வந்த ஆட்டம் இது. மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டியில் பத்திரப்பன் என்ற பெரியவர் பெண்களையும் களத்தில் இறக்கிப் பழக்கினார். 2024-இல் அவருடைய 87-ஆவது வயதில் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. இன்று எங்கள் பக்கத்தில் அரங்கேற்றம் என்றால் கோயில் மைதானத்தில் நூற்றுக்கணக்கில் பெண்கள் ஒரே நிறச் சேலையில் நிற்கிறார்கள். மாலையில் தொடங்கினால் மணிக் கணக்கில் போகும். வள்ளி தினைப்புனம் காப்பதில் மெல்லத் தொடங்கும் அடி, கிழவர் வேடத்தில் முருகன் வருவதற்குள் சூடு பிடிக்கும், கல்யாணத்தில் பறக்கும். அந்த மெதுவான தொடக்கம்தான் கும்மிக்கு மூச்சு.

இங்கே பாட்டு தொடங்கும்போதே பறந்தது. பாடகரின் குரல் கீச்சென்று உயர்ந்து கேட்டது. பிள்ளைகள் அதற்கு ஈடு கொடுத்தார்கள். வலக்கால் முன்வைத்து, தட்டி, இடக்காலை இழுத்து, குனிந்து ஒரு கை, நிமிர்ந்து ஒரு கை. நேர் அடியெல்லாம் ஒரே சத்தம். ஒன்பது சோடிச் சலங்கையும் ஒற்றைச் சலங்கை போல விழுந்தன. நடுவில் நின்ற அந்தப் பெண் உதடு அசைய எண்ணிக்கொண்டே ஆடினாள். திரும்பும் அடி வந்தபோதுதான் சிக்கல். ஒரு கால்வட்டம் திரும்பிக் குதிகாலை ஊன்ற வேண்டும். ஊன்றுவதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. முதல் திருப்பத்தில் இரண்டு பேர் பிந்தினார்கள். அடுத்ததில் நான்கு பேர். அவள் கண்ணாலேயே அவர்களை இழுத்துப் பிடித்து நேர் அடிக்குக் கொண்டுவந்தாள். மீண்டும் ஒரே சலங்கை. மீண்டும் திருப்பம், மீண்டும் சிதறல்.

கும்மி வாத்தியாரின் விரல் முழங்காலில் தாளத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. திருப்பம் வரும் இடத்தில் மட்டும் அந்த விரல் நின்றது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றது.

இரண்டாம் மணி அடிக்கும் முன்பே முடித்து, கும்பிட்டு இறங்கினார்கள். நேரத்துக்காக ஒரு மதிப்பெண்கூடக் கழியவில்லை.

கூட்டல் மேசையில் இருவர். எண்களைப் படித்துச் சொன்னவர் கணக்கு டீச்சர். பேரேட்டில் ஏற்றியவர் ஓர் இளைய ஆசிரியை. தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கணக்கு டீச்சருக்கு ஒரு பழக்கம். மேலிருந்து கீழாக ஒரு முறை கூட்டுவார்; பிறகு கீழிருந்து மேலாக இன்னொரு முறை. கால்குலேட்டரைத் தொடவில்லை.

"அஞ்சாம் நம்பர், ரெண்டாவது தாள், நாப்பத்தி மூணு போட்டிருக்கறாங்க. இரு, இரு." விரல் கீழிருந்து ஏறியது. "ஆறு, ஏழு பதிமூணு, ஆறு பத்தொம்பது, எட்டு இருவத்தேழு, ஏழு முப்பத்தி நாலு. முப்பத்தி நாலுதான் கண்ணு. அவசரத்துல முன்ன பின்ன மாத்தி எழுதீட்டாங்க."

இளைய ஆசிரியை முகம் வெளுத்தாள். 117 என்று அவள் ஏற்றியிருந்த மொத்தம் 108 ஆயிற்று. மூன்றாம் இடத்தில் இருந்த குழு கீழே இறங்கி, வேறொரு குழு 112-இல் மேலே வந்தது. டீச்சர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தாமே நடுவரிடம் நடந்து போனார். திருத்தத்தின் பக்கத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு திரும்பினார். பேராசிரியர் எழுந்து நின்று கைகூப்பியதை இங்கிருந்தே பார்த்தேன். ஒன்பது மதிப்பெண்ணை அன்று காப்பாற்றியது கீழிருந்து மேலே ஏறிய ஒரு விரல். பரிசு வாங்கிய எந்தப் பிள்ளைக்கும் அந்த டீச்சரின் பெயர் தெரியாது.

பதினொன்றுக்கு வந்தார்கள். "முப்பத்தாறு. முப்பத்தாறு. வாத்தியாரு முப்பத்தொம்பது." மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை. "நூத்திப் பதினொண்ணு."

"ஒண்ணுல போச்சுங்க டீச்சர்," என்றாள் இளைய ஆசிரியை.

டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. வாத்தியாரின் தாளில் கடைசிக் கட்டத்தைத் தமக்குள் சொல்வது போல மெல்லப் படித்தார். "நேர் அடி மிகவும் சுத்தம். பாட்டை வேகமாக்கியது தெரிகிறது. திரும்பும் அடிக்குக் கால் வைக்க இடமில்லை. பாட்டைக் குறைத்துக்கொண்டு, வேகத்தை விட்டுவிட்டால் இந்தப் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை."

படித்துவிட்டு மற்றத் தாள்களோடு அதையும் சேர்த்தார். குண்டூசி குத்தி, பழுப்பு உறையில் போட்டு, பசை தடவி ஒட்டி, ஒட்டிய இடத்தில் மூன்று நடுவரும் கையொப்பமிட்டார்கள். உறை தலைமையாசிரியர் அறை பீரோவுக்குப் போயிற்று. அதுவும் விதிதான். மதிப்பெண் தாள் வெளியே போனால் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு நூறு சண்டை வரும். நடுவரின் வீட்டு வாசலுக்கே ஆள் போகும். பூட்டி வைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எண்களோடு சேர்ந்து 14 குழுக்களுக்கு அந்தப் பெரியவர் எழுத்துக் கூட்டி எழுதிய 14 குறிப்புகளும் பீரோவுக்குள் போய்விட்டன.

பரிசளிப்பு. மூன்று கோப்பை, பொன்னாடைகள், கைதட்டல். என் தங்கை பேத்தியின் குழு இரண்டாமிடம். அவள் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். மற்றப் பதினொரு குழுக்களுக்கும் பங்கேற்றதற்கான சான்றிதழ். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம், பெயர் மட்டும் வேறு.

பேருந்து நிறுத்தத்தில் பச்சைத் தாவணிகள் நின்றிருந்தன. ஒப்பனை கலைத்த முகங்களில் கண்மை மட்டும் மிச்சம். சலங்கைகளை மஞ்சள் பையில் கட்டி அந்தப் பெண் கையில் வைத்திருந்தாள். சான்றிதழைச் சுருட்டாமல், மடங்காமல், ஒரு நோட்டுக்குள் வைத்து மார்போடு பிடித்திருந்தாள்.

"சார், நாம எதுலீங் சார் தப்புப் பண்ணுனோம்?"

ஆசிரியர் சற்று நேரம் சாலையைப் பார்த்தார். "தெரியலையே கண்ணு. நல்லாத்தான ஆடுனீங்க." பிறகு ஏதோ தோன்றியவராக, "அடுத்த வருசம் இன்னும் கொஞ்சம் வேகமா ஒரு பாட்டு வெச்சுப் பாக்கலாம். கூட்டத்துக்கு அதுதான் புடிக்குது" என்றார்.

"செரீங் சார்," என்றாள் அவள்.

அவர்களுக்கு மூன்றடி தள்ளி நான் நின்றுகொண்டிருந்தேன். வேகம்தான் தடை என்று எனக்குத் தெரியும். நேர் அடி மிகவும் சுத்தம் என்று ஒரு மூத்த கலைஞர் தன் கைப்பட எழுதியிருப்பதும் தெரியும். சொல்லியிருக்கலாம். தட்டிக்குப் பின்னால் கேட்டதை வெளியே சொல்வது முறையா என்ற தயக்கம் நாவைப் பிடித்தது. அதற்குள் டவுன் பஸ் வந்தது. பிள்ளைகள் ஏறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த அவளுடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. இன்னும் அடியை எண்ணுகிறாள் போல.

அன்று பேசாமல் நின்றதற்காகத்தான் இன்று எழுதுகிறேன்.

போட்டி நடத்துகிறவர்களே, பள்ளியாக இருந்தாலும் சங்கமாக இருந்தாலும் அரசுத் துறையாக இருந்தாலும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். மதிப்பெண்ணைப் பூட்டி வையுங்கள்; தவறில்லை. குறிப்பைப் பூட்டாதீர்கள். தாளை இரண்டாக அச்சடியுங்கள். எண்கள் மேல் பாதியில், குறிப்பு கீழ்ப் பாதியில், நடுவே கிழிப்பதற்கு ஒரு கோடு. மேல் பாதி பீரோவுக்கு. கீழ்ப் பாதி, சான்றிதழோடு சேர்த்து, பிள்ளையின் கைக்கு. இதற்குக் கூடுதல் செலவு ஒரு பைசாவும் இல்லை. நடுவர்களுக்கும் ஒரு சொல். ஒரு குழுவின் பல மாத உழைப்பை நீங்கள் பார்ப்பது ஐந்து நிமிடம். அதற்கு ஈடாக இரண்டு வரி எழுதுங்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள்.

கோப்பை மூன்று குழுக்களுக்குத்தான் கிடைக்கும். குறிப்பு பதினான்குக்கும் கிடைக்கலாம்.